தோற்றதைத் திரும்பிப் பார்: வான்சண்டை விளையாட்டு சொல்லும் பாடம்

2025ஆம் ஆண்டு மார்ச் தொடங்கி மே வரை, மூன்றே மாதங்களில் நான் ஏறத்தாழ 300 முறை சுட்டு வீழ்த்தப்பட்டேன். எல்லாம் பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் அறையில், கணினித் திரையில் நடந்தவை. இணையத்தில் உலகெங்கும் உள்ளவர்களோடு போர் விமானம் ஓட்டிச் சண்டையிடும் ‘சிமுலேட்டர்’ விளையாட்டுகள் மீது எனக்குப் பைத்தியம். ஆங்கிலத்தில் ‘டாக்ஃபைட்’ என்பார்கள். இரண்டு விமானங்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடிக்கச் சுற்றிச் சுற்றி வரும் நெருக்கமான வான்சண்டை அது.

ஒவ்வொரு முறை வீழ்ந்தபோதும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. இணையம் மெதுவாக இருக்கிறது, எதிராளி ஏமாற்றுகிறான், என்னிடம் நல்ல கட்டுப்பாட்டுக் கோல் இல்லை. உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவேன். அதே பருவத்தில் கல்லூரியில் பொறியியல் கணிதப் பாடத்திலும் தோற்றேன். அதற்கும் காரணம் தயாராக இருந்தது: விரிவுரையாளர் வேகமாக நடத்துகிறார்.

இரண்டு தோல்விகளும் ஒரே நோயின் அறிகுறிகள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நோய்க்குப் போர் விமானிகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கைப்பேசிக்கு வந்த காணொளி

2025 மே 7ஆம் தேதி இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மோதல் வெடித்தது. மறுநாள் கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினான். அவன் அப்போது நான்காம் படிவ மாணவன். இரவு வானத்தில் சிவப்புக் குண்டுகள் வரிசையாகப் பாய, ஒரு ஜெட் விமானம் வளைந்து வளைந்து தப்பிக்கும் காட்சி. “அண்ணா, உண்மையான சண்டை!” என்று எழுதியிருந்தான்.

பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த விமானம் அத்தனை கூர்மையாகத் திரும்பியும் வேகம் கொஞ்சமும் குறையவில்லை. படம் பிடித்தவர் கையும் நடுங்கவில்லை. 300 முறை வீழ்ந்தவனுக்கு ஒன்றாவது தெரிந்திருக்கும்: திருப்பம் என்பது இலவசம் அல்ல, ஒவ்வொரு திருப்பத்திற்கும் வேகத்தால் விலை கொடுக்க வேண்டும். அது விளையாட்டுக் காட்சியாகத்தான் இருக்கும் என்று பதில் எழுதினேன். அந்த நாள்களில் ‘ஆர்மா 3’ என்னும் கணினி விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போர்க் காட்சிகளாகப் பரவியதைச் செய்தி சரிபார்ப்போர் பின்னர் சுட்டிக்காட்டினார்கள்.

இது முதல் முறையும் அல்ல. 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியபோது, ‘கீவ் நகரின் ஆவி’ என்று ஒரு விமானியின் கதை உலகைச் சுற்றி வந்தது. அவர் எதிரி விமானங்களைத் தனியாளாக வீழ்த்துவதாகப் பரவிய காணொளி, ‘டிசிஎஸ் வேர்ல்ட்’ என்னும் சிமுலேட்டரில் உருவாக்கப்பட்டது. அந்த விமானி ஒரு புனைவு நாயகர்தான் என்று உக்ரேன் விமானப்படையே அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் தெளிவுபடுத்தியது.

விளையாட்டுக்கும் செய்திக்கும் இடையிலான கோடு மங்கிப்போன காலத்தில் நாம் வாழ்கிறோம். ஆகவே இந்த விளையாட்டை ஆடுபவர்கள் அதைச் சரியாகப் புரிந்து ஆடுவது நல்லது. ஆடாதவர்களும் அதன் அடிப்படையை அறிந்திருப்பது நல்லது.

வியட்நாம் வானில் கற்ற பாடம்

‘இனி நெருக்கமான வான்சண்டையே கிடையாது, எல்லாம் தொலைதூர ஏவுகணைதான்’ என்று இன்று பலர் சொல்கிறார்கள். 2025 மே மோதலில் இரு தரப்பு விமானங்களும் தத்தம் எல்லைக்குள் இருந்தபடியே, கண்ணுக்கு எட்டாத தொலைவிலிருந்து ஏவுகணைகளைச் செலுத்தியதாகச் செய்திகள் கூறின. யார் எத்தனை விமானங்களை இழந்தார்கள் என்பதில் இரு நாடுகளின் கூற்றும் ஒத்துப்போகவில்லை.

ஆனால் இதே பேச்சு 1960களிலும் இருந்தது. ஏவுகணை வந்துவிட்டது, துப்பாக்கி எதற்கு என்று நினைத்த அமெரிக்கா, ‘ஃபேன்டம்’ போர் விமானத்தின் முதல் வகைகளை உள்ளமைந்த துப்பாக்கி இல்லாமலேயே தயாரித்தது. வியட்நாமில் அந்த ஏவுகணைகளில் பெரும்பாலானவை குறி தவறின. சிறிய, வேகமாகத் திரும்பக்கூடிய மிக் விமானங்கள் அருகில் வந்து தாக்கின. அமெரிக்கக் கடற்படை தான் இழந்த ஒவ்வொரு விமானத்திற்கும் எதிரியின் ஏறத்தாழ இரண்டு விமானங்களை மட்டுமே வீழ்த்த முடிந்தது.

காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் என்பவரிடம் 1968இல் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அறிக்கையின் விளைவாக 1969 மார்ச் மாதம் கலிஃபோர்னியாவின் மிராமாரில் ஒரு பள்ளி தொடங்கியது. திரைப்படத்தால் நாம் அறிந்த ‘டாப் கன்’ அதுதான். 1972இல் வான்சண்டைகள் மீண்டும் தீவிரமடைந்தபோது, கடற்படையின் விகிதம் ஏறத்தாழ 12க்கு 1 என உயர்ந்தது. அப்படியொரு பள்ளி இல்லாத விமானப்படைக்கு அந்த உயர்வு கிட்டவில்லை.

அந்தப் பள்ளியில் என்ன மந்திரம் இருந்தது? புது விமானம் எதுவும் தரவில்லை. எதிரியைப் போலவே பறக்கத் தெரிந்த பயிற்றுநர்களோடு மோதவிட்டார்கள். தரையிறங்கியதும் கரும்பலகை முன் உட்காரவைத்து, அந்தச் சண்டையை முதலிலிருந்து வரையச் சொன்னார்கள். எங்கே தவறு நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை என்ன செய்வது என்று பதவி பார்க்காமல் பேசினார்கள். பறந்த நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசிய நேரம் நீண்டதும் உண்டு. இன்றுவரை உலகின் நல்ல விமானப்படைகள் எல்லாம் இந்த ஆய்வைப் பயிற்சியின் உயிராகக் கருதுகின்றன.

நான் 300 முறை பறந்தேன். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை நான் செய்தது பயிற்சி அல்ல. தவறை மனப்பாடம் செய்ததுதான்.

வேகமும் உயரமும்: இயற்பியல் சொல்வது

ஜூன் மாதம் முதல் என் ஆட்டங்களைப் பதிவு செய்து திரும்பப் பார்த்தேன். முதல் 20 தோல்விகளில் 13 தோல்விகளுக்குக் காரணம் ஒன்றே. எதிரியைக் கண்டதும் கட்டுப்பாட்டுக் கோலை முழுப் பலத்தோடு இழுத்துத் திரும்புகிறேன். சில வினாடிகளில் வேகம் கரைந்துபோகிறது. பிறகு நான் வானத்தில் நிற்கும் இலக்கு.

படிவம் 4, 5 மாணவர்களுக்கு இதன் கணக்கு தெரியும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் இயக்க ஆற்றல், அதே விமானத்தை ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்திற்குத் தூக்கப் போதுமானது. வேகம் பாதியாகி 150 மீட்டர் ஆனால், மிஞ்சுவது பாதி அல்ல, கால் பங்கு. ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரத்திற்கான ஆற்றல்தான். வேகத்தைக் கையிலுள்ள பணம் என்றும், உயரத்தை வங்கிச் சேமிப்பு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம். கடுமையான திருப்பத்தில் செலவழித்ததை மட்டும் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இயந்திரம் உழைத்து மெதுவாகச் சேர்த்தால்தான் உண்டு.

அதற்காக வேகம் கூடக்கூட நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. 6 ஜி விசையில் மட்டமாகத் திரும்பும் விமானம், வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 690 மீட்டர். 300 மீட்டர் வேகத்தில் போனால் ஆரம் 1,550 மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு, வட்டம் இரண்டேகால் மடங்கு. சிறிய வட்டம் போடுபவன் உள்ளே நுழைந்து உங்கள் வாலைப் பிடித்துவிடுவான். ஒவ்வொரு விமானத்திற்கும் மிக வேகமாகத் திரும்ப ஏற்ற ஒரு வேகம் உண்டு. அதைத் தெரிந்துவைத்து அதன் அருகிலேயே இருப்பதுதான் பாதித் திறமை.

இந்தக் கணக்கை 1960களில் முறையாக வகுத்தவர்கள் அமெரிக்க விமானி ஜான் பாய்டும் கணிதவியலாளர் தாமஸ் கிறிஸ்டியும். தனக்குப் பின்னால் எதிரி இருக்கும் நிலையில் தொடங்கி, 40 வினாடிக்குள் நிலைமையைத் தலைகீழாக்குவதாகப் பந்தயம் கட்டுவது பாய்டின் வழக்கம். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் கைவேகம் மட்டுமல்ல, கணக்கும் இருந்தது.

எப்படிப் பயிற்சி செய்வது?

என் அனுபவத்தில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில், ஒரே விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரத்திற்கு ஒன்றை மாற்றினால் எதன் குணமும் கைக்கு வராது. பணம் செலவழிக்கத் தேவையில்லை. ‘வார் தண்டர்’ இலவசமாகக் கிடைக்கிறது. ‘டிசிஎஸ் வேர்ல்ட்’ சிமுலேட்டரும் இரண்டு விமானங்களை இலவசமாகத் தருகிறது. விலையுயர்ந்த கருவி வாங்கினால் திறமை வரும் என்று வீட்டில் அடம்பிடிக்காதீர்கள்.

இரண்டாவது, கூட்டத்தில் குதிக்காமல் ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுங்கள். இருவருக்கும் ஒரே வகை விமானம், துப்பாக்கி மட்டும். ஒரு சுற்றில் நீங்கள் பின்னால் தொடங்குங்கள். அடுத்த சுற்றில் அவர் பின்னால் தொடங்கட்டும். விமானம் சமமாக இருக்கும்போதுதான் தவறு நம்முடையது என்று தெரியும். எதிராளி அருகிலுள்ள நண்பராக இருந்தால், தொலைதூரச் சர்வரின் தாமதத்தின் மேல் பழிபோடவும் வழியில்லை.

மூன்றாவது, எதிரியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். பார்வையை இழந்தவன் சண்டையை இழந்தான் என்பது விமானிகளின் வழக்கு. முதல் உலகப்போரிலேயே, 1916இல், ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்க்கே தம் படைக்கு வகுத்துத் தந்த விதிகளில் இது உண்டு. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், நெருங்கிய பின்பே சுடு என்பவையும் அவற்றில் அடங்கும். மரத்தாலும் துணியாலும் ஆன விமானங்களுக்கு எழுதிய விதிகள் இன்றைய திரையிலும் பொருந்துகின்றன.

நான்காவது, துரத்தும்போது எதிரியின் மீதே மூக்கை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். வேகம் கூடுதலாக இருந்தால் அவனைத் தாண்டி முன்னால் போய்விடுவீர்கள், துரத்தியவன் துரத்தப்படுவான். சற்றே மேலே ஏறி வேகத்தை உயரமாகச் சேமித்து, அவன் வட்டத்திற்குப் பின்புறமாக இறங்குங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிவு செய்யுங்கள். விளையாட்டிலேயே திரும்பப் பார்க்கும் வசதி இருக்கிறது. ‘டேக்வியூ’ போன்ற மென்பொருள் இரு விமானங்களின் பாதையையும் வேகத்தையும் வரைந்தே காட்டும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். எந்த இடத்தில் நிலைமை கைமீறியது? அப்போது என் வேகமும் உயரமும் எவ்வளவு? அதற்கு 10 வினாடிகளுக்கு முன் வேறு என்ன செய்திருக்கலாம்?

மூன்றாவது கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. நாம் சுடப்பட்ட கணத்தில் தோற்பதில்லை. அதற்கு 10, 20 வினாடிகளுக்கு முன்பே தோற்றுவிட்டோம். ‘இணையம் மெதுவாக இருந்தது’ என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

இயந்திரமும் அப்படித்தான் கற்றது

2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டார்ப்பா ஒரு போட்டி நடத்தியது. சிமுலேட்டரில் நடந்த வான்சண்டையில் செயற்கை நுண்ணறிவு, அனுபவமிக்க எஃப்-16 விமானி ஒருவரை 5-0 என்று வென்றது. ‘மனிதனின் காலம் முடிந்தது’ என்று தலைப்புச் செய்திகள் வந்தன.

கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். அந்த நிரலுக்கு எதிரியின் நிலை, வேகம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மனிதப் பயிற்சியில் பாதுகாப்புக்காகத் தடை செய்யப்பட்டுள்ள நேருக்கு நேர் சுடும் முறையை அது தயங்காமல் கையாண்டது. உண்மை வானம் வேறு. அதனால் ஆய்வாளர்கள் அடுத்து எக்ஸ்-62ஏ என்னும் மாற்றியமைக்கப்பட்ட எஃப்-16 விமானத்தில் அதைச் சோதித்தார்கள். 2022 டிசம்பர் முதல் 2023 செப்டம்பர் வரை 21 முறை பறந்தார்கள். அந்தக் காலத்தில் நிரலில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வரிகளை மாற்றினார்கள் என்று டார்ப்பா அறிவித்தது. அந்தச் சோதனைகளின்போதே மனிதர் ஓட்டிய எஃப்-16க்கு எதிராகவும் அதை வானில் மோதவிட்டார்கள். பாதுகாப்புக்காக விமானிகள் உள்ளேயே அமர்ந்திருந்தார்கள்.

21 பறத்தல், ஒரு லட்சம் வரித் திருத்தம். செயற்கை நுண்ணறிவின் வேகத்தைவிட என்னை ஈர்த்தது இந்தக் கணக்குதான். பறந்தது குறைவு, திருத்தியது அதிகம். இயந்திரத்தை வளர்த்ததும் மிராமாரின் கரும்பலகை முறைதான். இதில் மனிதனிடம் ஒரு குறை உண்டு: நாம் நம் தவறைப் பார்க்க வெட்கப்படுகிறோம், இயந்திரம் வெட்கப்படுவதில்லை.

திரைக்கு வெளியே

இந்த விளையாட்டைப் புகழ்ந்துவிட்டு அதன் எல்லையைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன். திரையில் வீழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி எழலாம். 6 ஜி விசையில் நம் தலை ஆறு தலைகளின் எடையாகக் கனப்பதும், பார்வை இருள்வதும் நாற்காலியில் தெரியாது.

தமிழகத்துத் திருப்பனமூரைப் பூர்வீகமாகக் கொண்ட விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான், 2019 பிப்ரவரி 27ஆம் தேதி மிக்-21 விமானத்திலிருந்து வெளியேறிப் பாகிஸ்தானில் சிறைப்பட்டதும், மார்ச் 1ஆம் தேதி விடுவிக்கப்பட்டதும் நமக்கு நினைவிருக்கும். இந்திர லால் ராய் என்ற பெயரைப் பலர் கேட்டிருக்கமாட்டீர்கள். கல்கத்தாவில் பிறந்து, முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் பறந்தவர். 1917 இறுதியில் விபத்தில் சிக்கி, பறக்கத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டு, பிறகு மீண்டு வந்தார். 1918 ஜூலையில் இரண்டு வாரத்திற்குள் 10 வான்வெற்றிகள் அவர் கணக்கில் சேர்ந்தன. ஜூலை 22ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். அப்போது வயது 19. உங்களில் பலருடைய வயது.

நம் நாட்டிலும் 2025 ஆகஸ்ட் 21ஆம் தேதி, குவாந்தானில் புறப்பட்ட அரச மலேசிய விமானப்படையின் ஹார்னெட் விமானம் ஒன்று தீப்பற்றி வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும் வெளியேறி உயிர் தப்பினர். அது போர்கூட இல்லை, வழக்கமான புறப்பாடு.

கிள்ளானில் ஒரு நோட்டுப் புத்தகம்

என் தம்பி இப்போது ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். ஆண்டு. விமானி ஆக வேண்டும் என்பது அவன் கனவு. 2023 மே மாதம் லங்காவியில் 18 எஃப்ஏ-50 இலகு ரகப் போர் விமானங்களுக்கு நம் அரசாங்கம் ஒப்பந்தம் செய்ததைத் தேதியோடு சொல்வான். ஆனால் நள்ளிரவு தாண்டியும் விளையாடுவான். கூடுதல் கணிதத்தில் தடுமாறுவான். சித்தப்பா கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுபவர். “கணக்கு வராதவனுக்கு விமானத்தை யார் கொடுப்பா?” என்று கேட்டார். கணினியை விற்றுவிடும் பேச்சும் எழுந்தது.

அன்று நான் கம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய், சித்தப்பாவிடம் என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “இது தெரிஞ்ச விஷயம்தானே. ரிவர்ஸ்ல எங்காவது உரசிட்டா, அடுத்த நாள் அதே இடத்துல இறங்கி நின்னு பார்ப்பேன். பார்க்காம போனா மறுபடியும் உரசும்.”

ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பள்ளி நாள்களில் இரண்டு ஆட்டம், அவற்றைத் திரும்பப் பார்க்க அரை மணி நேரம், இரவு 10 மணிக்குக் கணினி மூடப்படும். இன்னொன்றும் உண்டு. அதே மூன்று கேள்விகளைக் கூடுதல் கணித மாதிரித் தாளுக்கும் எழுத வேண்டும். முதல் தாளில் அவன் செய்த 11 பிழைகளில் 6 பிழைகள் ஒரே வகை: அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது கழித்தல் குறியை விட்டுவிடுகிறான். கணக்கு தெரியாதவன் அல்ல. 10 வினாடிகளுக்கு முன் தோற்றவன்.

அவன் விமானி ஆவானா என்று எனக்குத் தெரியாது. நான் மீண்டும் எழுதிய பொறியியல் கணிதத் தாளில் தேறிவிட்டேன். திரையில் இன்னும் வாரம் தவறாமல் வீழ்கிறேன். தோல்வி வெற்றியின் முதல் படி என்று நமக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படியில் நின்று குனிந்து பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

போன வாரம் தம்பி அழைத்தான். “அண்ணா, இன்னிக்கு மூணு தப்பு. ரெண்டுக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டேன்.”

“மூணாவது?”

“அதைத்தான் இப்ப பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

விளையாட்டைச் சொன்னானா, கணக்கைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.